பழைய இன்ஜினுக்குக் கெட்டி ஆயில் மருந்தல்ல

பெங்களூரின் வைட்ஃபீல்டில் ஹோப் ஃபார்ம் சந்திப்பைச் சுற்றியுள்ள குறுக்குத் தெருக்களில் இன்னும் சில மெக்கானிக் கடைகள் தாக்குப்பிடித்து நிற்கின்றன. ஒரு பக்கம் மெட்ரோ தூண்கள், மறுபக்கம் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவே தகரக் கொட்டகை, தரையில் கரிய எண்ணெய்க் கறை, பானெட் திறந்து நிற்கும் ஒரு பழைய ஜென் அல்லது சான்ட்ரோ. காரின் சொந்தக்காரர் சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ வேலைக்கு வந்தவராக இருப்பார். வண்டி அவருடைய அப்பா ஓட்டியது. “ஆயில் மாத்தணும் அண்ணே” என்பார். “எந்த வருஷ மாடல்?” என்பதுதான் மெக்கானிக்கின் முதல் கேள்வி. 2002 என்று பதில் வந்ததும் அடுத்த கேள்வி கிடையாது. “வண்டி பழசாயிடுச்சு சார். தண்ணி மாதிரி ஆயில் ஊத்தினா இன்ஜின் போயிடும். ட்வென்டி ஃபிஃப்டி ஊத்திடலாம்.” அலமாரியிலிருந்து 20டபிள்யூ-50 டப்பா இறங்கிவிடும்.

இது வைட்ஃபீல்டில் மட்டும் நடப்பதல்ல. ஓசூரிலும் கோவையிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் இதே பேச்சு, இதே டப்பா. கார் வைத்திருப்பவர்களும் இதை மனதார நம்புகிறார்கள். நம்பிக்கைக்குப் பின்னால் இருக்கும் வாதம் கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஓடி ஓடி இன்ஜின் தேய்கிறது. தேயத் தேய பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. மெல்லிய ஆயில் அந்த இடைவெளியில் நிற்காமல் ஓடிவிடும், கெட்டியான ஆயில் நின்று காக்கும். போதாததற்கு நம்ம ஊர் வெயில். ஆகவே வண்டிக்கு வயதானால் ஆயில் கெட்டியாக வேண்டும்.

இந்த வாதத்தில் உண்மையின் ஒரு துளி உண்டு. அந்தத் துளியை வைத்துக்கொண்டு பழைய கார் அத்தனைக்கும் 20டபிள்யூ-50 ஊற்றுவது, நாடி பிடித்துப் பார்க்காமல் வயதை மட்டும் கேட்டு மருந்து எழுதுவதற்குச் சமம். பல வண்டிகளில் அந்த மருந்து நோயைக் குணப்படுத்துவதில்லை, மூடி மறைக்கிறது. சில வண்டிகளில் நோயே அதுதான்.

முதலில் டப்பாவின் மேல் இருக்கும் எண்கள். 20டபிள்யூ-50 என்பதில் உள்ள ‘டபிள்யூ’ எடையைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ 1911இல் தொடங்கிய தரப்பகுப்பு இன்று ஜே300 என்ற பெயரில் உலகம் முழுவதும் புழங்குகிறது. முதல் எண், குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக அசைந்துகொடுக்கிறது என்பதைச் சொல்கிறது. எண் சிறியதானால் குளிரிலும் லேசாக ஓடும். இரண்டாவது எண், 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்கிறது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. சாதாரணத் தண்ணீர் 20 டிகிரியில் 1 சென்டிஸ்டோக்.

இதிலிருந்து ஒன்று தெளிவு. 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 இரண்டும் இன்ஜின் சூடான பிறகு ஒரே வரம்புக்குள்தான் நிற்க வேண்டும். “அஞ்சுன்னா குளிர்நாட்டு ஆயில், நம்ம வெயிலுக்குத் தண்ணியாயிடும்” என்ற பேச்சுக்கு அடிப்படையே கிடையாது. சூட்டில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கும் முதல் எண்ணுக்கும் தொடர்பில்லை.

சூட்டை விட்டுக் காலைக் குளிருக்கு வருவோம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி விடியலில் வெப்பம் 15 டிகிரியை ஒட்டி இறங்குவது இங்கே வழக்கம். 1884 ஜனவரியில் 7.8 டிகிரி வரை இறங்கியது பதிவாகியிருக்கிறது. அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைக்கடியில் இரவெல்லாம் நின்ற காரை அப்படியொரு காலையில் ஸ்டார்ட் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைகளில் கிடைக்கும் வழக்கமான 20டபிள்யூ-50 ஆயில் 40 டிகிரியில் சுமார் 160 சென்டிஸ்டோக், 100 டிகிரியில் சுமார் 18. வழக்கமான 5டபிள்யூ-30 அதே இரண்டு இடங்களில் சுமார் 62, 10.5. இந்த எண்களை வைத்து 15 டிகிரிக்குக் கணக்கிட்டால் முதலாவது ஏறக்குறைய 730 சென்டிஸ்டோக்கிலும் இரண்டாவது ஏறக்குறைய 210 சென்டிஸ்டோக்கிலும் வந்து நிற்கின்றன.

இந்த இரண்டு எண்களையும் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். ஓடுகிற இன்ஜினுக்கு வேண்டியது பத்துச் சொச்சம். ‘தண்ணி மாதிரி’ என்று பழிக்கப்படும் 5டபிள்யூ-30கூட அந்தக் காலையில் அதைப்போல இருபது மடங்கு கெட்டி. 20டபிள்யூ-50 எழுபது மடங்கு. காலையில் எந்த ஆயிலும் மெல்லியதாக இருப்பதில்லை. எல்லா ஆயிலும் தேவைக்கு மேல் கெட்டிதான். எது குறைவாகக் கெட்டி என்பது மட்டும்தான் தேர்வு. இது பெங்களூருக் குளிருக்கு மட்டும் பொருந்தும் கணக்கும் அல்ல. சென்னையின் 25 டிகிரிக் காலையிலும் இதே கணக்கு 370க்கு 120 என்று வருகிறது.

“ஆனா நம்ம ஊர் வெயில்?” என்ற கேள்வி உடனே வரும். பெங்களூரில் 2016 ஏப்ரலில் வெப்பம் 39.2 டிகிரியைத் தொட்டது. சென்னையிலும் வேலூரிலும் 40ஐத் தாண்டுவது கோடைதோறும் நடப்பது. ஆனால் தண்ணீர் சுற்றிக் குளிரும் இன்ஜினில் தெர்மோஸ்டாட் என்ற சிறு கருவி அந்தத் தண்ணீரை 80 முதல் 90 டிகிரிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கப் பார்க்கிறது. வெளியே 20 டிகிரி கூடினால் உள்ளே ஆயிலும் 20 டிகிரி கூடிவிடுவதில்லை. ரேடியேட்டர் அடைத்துக்கொண்டிருந்தால், ஃபேன் ஓடாவிட்டால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தால் கதை வேறு. அப்போது பழுதுபார்க்க வேண்டியது குளிரூட்டும் அமைப்பை.

கெட்டி ஆயிலின் ஆதரவாளர்கள் அடுத்துக் கையில் எடுப்பது அழுத்தக் கணக்கு. “பிரஷர் நல்லா நிக்குது பாருங்க.” நிற்கத்தான் செய்யும். ஆயில் பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் கெட்டியானால் பாதையில் தடை கூடும், அழுத்தம் ஏறும். ஏறி வரம்பைத் தாண்டியதும் ரிலீஃப் வால்வு திறந்துகொள்ளும். பேரிங்குக்கும் கேமுக்கும் போயிருக்க வேண்டிய ஆயிலில் ஒரு பங்கு இன்ஜினின் அடித்தொட்டியான சம்புக்கே திரும்பிவிடும். ஃபில்டருக்குள்ளும் ஒரு பைபாஸ் வால்வு இருக்கிறது. கெட்டி ஆயில் ஃபில்டர் தாளுக்குள் புக முடியாமல் திணறும்போது அது திறந்து, வடிகட்டாத ஆயிலை இன்ஜினுக்குள் விடும். ஆக, குளிர்ந்த இன்ஜினில் கேஜ் முள் உயர்ந்து நிற்பது ஆயில் போய்ச் சேர்ந்ததற்குச் சான்றல்ல. போக முடியாமல் முட்டி நிற்பதற்கும் அதே முள்தான் உயரும்.

ஓவர்ஹெட் கேம் இன்ஜின்களில் இது இன்னும் முக்கியம். மாருதி 800இல் இருந்த 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினில் கேம் ஷாஃப்ட் தலைக்கு மேல், ஹெட்டில் இருக்கிறது. சம்பிலிருந்து புறப்படும் ஆயில் கிராங்க் பேரிங்குகளைக் கடந்து கடைசியாகப் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று அது. ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகள் கேமும் ராக்கரும் முந்தைய நாள் ஒட்டியிருந்த மெல்லிய படலத்தை நம்பித்தான் உரசிக்கொண்டிருக்கின்றன. அந்த விநாடிகளை நீட்டிக்கிற ஆயில் எதுவோ அது தேய்மானத்தைக் கூட்டும் ஆயில். தேய்ந்த இன்ஜினைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி இதைச் செய்வதுதான் வேதனை.

அப்படியென்றால் இத்தனை பேர் இத்தனை காலம் எப்படி நம்பினார்கள்? அனுபவசாலிகளான மெக்கானிக்குகள் முட்டாள்களா? நிச்சயமாக இல்லை. அவர்கள் நம்பிக்கை வேறொரு காரில் உண்மையாக இருந்தது.

அந்தக் கார் அம்பாசிடர். இங்கிலாந்தின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த 1489 சிசி இன்ஜின், பக்கத்தில் தாழ்வாக அமைந்த கேம், புஷ் ராடு, தட்டையான அடியுள்ள டாப்பெட். பிரீமியர் பத்மினியின் 1089 சிசி ஃபியட் இன்ஜினும் புஷ் ராடு வகைதான். அந்த வகை இன்ஜின்களின் காலத்தில் இங்கிலாந்திலேயே 20டபிள்யூ-50தான் பெரும்புகழ் பெற்றிருந்தது. 1959இல் வந்த மினி காரில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொண்டன. கியர் பற்கள் ஆயிலை நசுக்கி மெலியவைத்தன. அதைத் தாங்குவதற்கு டக்கம்ஸ் நிறுவனத்தின் 20டபிள்யூ-50 பேர்பெற்றது. 1968இல் காஸ்ட்ரால் ஜிடிஎக்ஸ் அதே தரத்தில் வந்து உலகமெங்கும் பரவியது. இந்தியச் சாலையில் பல பத்தாண்டுகள் அம்பாசிடரும் பத்மினியும்தான் கார். அந்த இன்ஜின்களில் கை பழகிய மெக்கானிக்கிடம் தொழில் கற்றவர், அவரிடம் கற்ற இன்னொருவர் என்று பாடம் கைமாறி வந்தது. 1983 டிசம்பரில் மாருதி வந்தது, 1993இல் ஜென், 1998இல் சான்ட்ரோ, இண்டிகா, ஹோண்டா சிட்டி. இன்ஜின் மாறியது, பாடம் மாறவில்லை.

அம்பாசிடருக்குள்ளேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1990களில் அதே உடலுக்குள் இசுஸூவின் 1.8 லிட்டர் இன்ஜினும் வந்தது; அது ஓவர்ஹெட் கேம் வகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அம்பாசிடர், இரண்டும் பழசு. பானெட்டைத் திறந்தால் வெவ்வேறு தலைமுறை. ‘பழசு’ என்ற சொல் எதையும் சொல்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

பிஎம்சி இன்ஜின் அம்பாசிடரையோ பத்மினியையோ இன்றும் பேணி வைத்திருப்பவர்கள் 20டபிள்யூ-50 ஊற்றுவதில் பிழையில்லை. 1882இல் ஆங்கிலோ-இந்தியக் குடியிருப்பாகத் தொடங்கிய பழைய வைட்ஃபீல்டின் உள்வட்டச் சாலைப் பக்கம் அப்படியொரு வண்டி மரநிழலில் நின்றால், அதன் உரிமையாளருக்கு இந்தக் கட்டுரை எதிரியல்ல. அவர் கவனிக்க வேண்டியது வேறொன்று: துத்தநாகம். தட்டை டாப்பெட் கேமின் மேல் அழுந்தி வழுக்கும் இடத்தில் உலோகத்தோடு உலோகம் படாமல் காப்பது ஆயிலில் கலக்கும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மம். பாஸ்பரஸ் புகைவழி போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுப்பதால், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ அதன் அளவைப் படிப்படியாகக் குறைத்தது. 2004இல் வந்த எஸ்எம் தரத்தில் உச்சவரம்பு 0.08 சதவீதம். ஆனால் அந்த வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய தரங்களுக்குத்தான். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்றவற்றை அது கட்டுப்படுத்துவதில்லை. எனவே “புது ஏபிஐ ஆயில் எல்லாம் பழைய இன்ஜினைத் தின்றுவிடும்” என்ற பேச்சும் பாதி உண்மைதான். நிறுவனத்தின் தரவுத்தாளில் துத்தநாக அளவைப் பார்த்துவிட்டு வாங்கினால் அந்த அச்சம் தீர்ந்தது.

தாத்தாவுக்கு ஒத்துக்கொண்ட சாப்பாட்டைப் பேரனுக்கு ஊட்டியதுதான் நடந்த தவறு.

அடுத்தது புகை. கெட்டி ஆயிலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் மிக வலுவான காரணம் இது. “ஆயில் அடிக்குது சார், புகை தள்ளுது. கெட்டியா ஊத்தினா நிக்கும்.” சில வாரங்களுக்குக் குறையவும் செய்யும். அதனால்தான் நம்பிக்கை இன்னும் வேரூன்றுகிறது. ஆனால் ஆயில் எங்கே போகிறது என்று யாராவது பார்த்தார்களா?

காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை ஒரு கொத்தாகக் கிளம்பி, ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டால் சந்தேகப்பட வேண்டியது வால்வு சீலை. சுண்டுவிரல் நுனி அளவுள்ள ரப்பர்த் தொப்பி அது. உச்சியில் மயிரிழைக் கம்பியால் ஆன சிறு சுருள் வளையம் ஒன்று அதை வால்வுத் தண்டோடு இறுக்கிப் பிடித்திருக்கும். புதிய சீலை விரல்களுக்கு நடுவே அழுத்தினால் மெத்தென்று அமுங்கும். இருபது வருடம் சூட்டில் வெந்ததை அழுத்தினால் பிளாஸ்டிக் பொத்தானைப் போலக் கட்டியாக இருக்கும். சில நேரம் விளிம்பு உடைந்து கையோடு வரும். அந்த விளிம்பு வழியே இரவெல்லாம் ஆயில் கசிந்து வால்வின் மேல் தேங்குகிறது, காலையில் எரிகிறது. பல இன்ஜின்களில் ஹெட்டைக் கழற்றாமலே, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வை நிறுத்தி, இந்தச் சீல்களை மாற்றிவிடலாம்.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது தொடர்ந்து புகை வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் பார்க்க வேண்டும். ஆயில் ரிங்கின் பின்னால் பிஸ்டனில் சிறு துளைகள் உண்டு. ரிங் வழித்தெடுக்கும் ஆயில் அவற்றின் வழியே சம்புக்கு இறங்க வேண்டும். கரி அடைத்துவிட்டால் இறங்காது. கெட்டி ஆயில் அந்தத் துளைகளில் இன்னும் கஷ்டப்பட்டுத்தான் இறங்கும். இன்னொரு குற்றவாளி பிசிவி வால்வு: அது அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்குள் வாயு தேங்கி, நன்றாக இருக்கும் ஆயில் சீலையும் தள்ளிக்கொண்டு ஆயிலை வெளியே விடும். மலிவான இந்த ஒரு சாமானைப் பார்க்காமல் ஹாஃப் இன்ஜின் வேலை வரை இழுத்துச் சென்ற வண்டிகள் உண்டு. டாப்பெட் சத்தமும் அப்படியே. ஃபீலர் கேஜ் வைத்து அட்ஜஸ்ட் செய்ய வேண்டிய இடைவெளியைக் கெட்டி ஆயில் அமுக்கிக் காட்டுகிறது. சத்தம் அடங்குகிறது, இடைவெளி அங்கேயே இருக்கிறது.

பெங்களூரில் இதற்குத் தனி விலை உண்டு. டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார்களின் மேல் பசுமைத் தீர்ப்பாயம் 2014இலும் உச்ச நீதிமன்றம் 2018இலும் விதித்த தடை போன்ற ஒன்று இங்கே இல்லை. பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டலாம். ஆனால் அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை ஒன்றிய அரசு 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்திவிட்டது. தகுதிச் சோதனைக்கும் மாசுச் சோதனைக்கும் வண்டி நிற்க வேண்டும். எரியும் ஆயில் அந்தச் சோதனையில் காட்டிக்கொடுக்கும்; கன்வெர்ட்டரையும் பாஸ்பரஸ் பூசி அழிக்கும். அப்பாவின் காரைக் காப்பாற்ற நினைப்பவர் மூலத்தைச் சரிசெய்யாமல் புகையை மட்டும் அமுக்கி வைத்தால், அடுத்த புதுப்பிப்பில் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவழிக்க நேரும்.

வைட்ஃபீல்டில் கார் ஓடுகிற விதத்தையும் பார்க்க வேண்டும். ஹோப் ஃபார்மிலிருந்து ஐடிபிஎல் தொழில்நுட்பப் பூங்கா ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். குந்தலஹள்ளி கேட்டும் வர்த்தூர் கோடியும் நெரிசலுக்குப் பேர்போனவை. 2023இல் மெட்ரோ வந்த பிறகு, பழைய கார்கள் பலவற்றுக்கு மளிகைக் கடைக்கும் குழந்தையின் பள்ளிக்கும் போய்வருவது மட்டுமே வேலை. இப்படிக் குறுந்தூரம் ஓடும் இன்ஜினில் தண்ணீர் சூடாகி முள் நடுவுக்கு வந்துவிடும். ஆயில் இன்னும் சூடாகியிருக்காது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவியில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டி சம்புக்குள் இறங்குகிறது. நெடுஞ்சாலையில் ஓசூர் வரை ஓட்டினால் ஆவியாகிப் போய்விடும். மூன்று கிலோமீட்டரில் போகாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பார்த்தால் பால் கலந்த காப்பி நிறத்தில் குழைவாக ஒரு படிவு ஒட்டியிருக்கும். ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்று பலர் பயந்துபோவது அதைப் பார்த்துத்தான். பெரும்பாலும் அது குறுந்தூர ஓட்டத்தின் மிச்சம். 2023 பிப்ரவரி 6 அன்று இதே பெங்களூரில் நடந்த எரிசக்தி மாநாட்டில்தான் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் குணமுடையது. இந்த நிலையில் இருக்கும் இன்ஜினுக்கு வேண்டியது, குளிரில் சீக்கிரம் பரவும் ஆயில். அதைவிட முக்கியம், கிலோமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மாதக் கணக்கில் அதை மாற்றுவது. “ரெண்டாயிரம் கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு” என்று இரண்டு வருடம் அதே ஆயிலில் ஓட்டுவது, தவறான தரம் ஊற்றுவதைவிடப் பெரிய கேடு.

இதே வைட்ஃபீல்டில் எதிர்த்திசையில் தவறு செய்பவர்களும் இருக்கிறார்கள். புதிய கார்களுக்கு 0டபிள்யூ-20 வருகிறது, அமெரிக்காவில் 2018 கேம்ரிக்கு டொயோட்டா 0டபிள்யூ-16 சொன்னது. ஆகவே விலை கூடிய, மிக மெல்லிய சிந்தெட்டிக்தான் எந்தக் காருக்கும் சிறந்தது என்று அவர்கள் முடிவுகட்டுகிறார்கள். அந்த மெல்லிய ஆயில்கள் எரிபொருள் சிக்கன விதிகளை மனதில் வைத்து, அதற்கென்றே வடிவமைத்த இன்ஜின்களுக்கு வந்தவை. இந்தியாவிலும் அந்த விதிகள் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. 100 டிகிரியில் 20 தர ஆயிலுக்கு 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்தான். 1990களின் எஸ்டீம் கார் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கெட்டி ஆயிலைச் சாடுவது மிக மெல்லிய ஆயிலுக்கு வக்காலத்து வாங்குவதாகாது.

சிந்தெட்டிக் ஊற்றினால் பழைய இன்ஜின் ஒழுகும் என்ற அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1970களில் வந்த முதல் சிந்தெட்டிக் ஆயில்களின் அடிப்படை எண்ணெய் ரப்பர் சீல்களைச் சுருங்கவைக்கும் தன்மை கொண்டது. அதைச் சமன்செய்ய எஸ்டர் போன்ற சேர்க்கைகளைக் கலக்கும் வழக்கம் வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இன்று ஒழுகினால், ஏற்கெனவே இற்றுப்போன சீலை அடைத்திருந்த அழுக்கு கரைந்து உண்மை வெளிப்பட்டிருக்கிறது என்றே பொருள். சீலை மாற்ற வேண்டும். கனிம ஆயிலானாலும் சிந்தெட்டிக் ஆனாலும், தரம் சரியாக இருந்து நேரத்துக்கு மாற்றினால் பழைய பெட்ரோல் இன்ஜின் நிம்மதியாக ஓடும்.

இப்போது அந்த உண்மைத் துளிக்கு வரலாம். பேரிங் நிஜமாகவே தேய்ந்திருந்தால் கெட்டித்தன்மை கொஞ்சம் கூடுவது உதவும். சிறிய இன்ஜின்களில் பேரிங் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அது கூடினால் சூடான ஆயில் விளிம்பு வழியே வேகமாக வெளியேறி அழுத்தம் விழும். ஆனால் தேய்ந்திருக்கிறதா என்பதை ஆர்சி புத்தகத்தில் உள்ள வருடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. டாஷ்போர்டின் சிவப்பு விளக்கும் சொல்லாது. அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே போன பிறகுதான் அது எரியும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் சுற்றில் அளந்து பார்க்க வேண்டும். கூடவே கம்ப்ரெஷன் சோதனை. ஒரு நல்ல மெக்கானிக்குக்கு அரை நாள் வேலைகூட இல்லை.

ஆயில் அழுத்தம் குறைவாக வந்தால் இரண்டாவது எண்ணை ஒரு படி உயர்த்தலாம், முதல் எண்ணைத் தொடாமல். கையேடு 10டபிள்யூ-30 சொன்னால் 10டபிள்யூ-40. 5டபிள்யூ-30 சொன்னால் 5டபிள்யூ-40. சூட்டில் தேய்ந்த பேரிங்குக்கு வேண்டிய ஆதரவு கிடைக்கும். காலையில் கேமுக்கு ஆயில் தாமதிக்காது. அழுத்தம் சரியாக இருந்தால், ஓடோமீட்டர் ஒன்றரை லட்சத்தைக் காட்டினாலும் கையேடு சொல்வதே போதும். பழைய டீசல் வண்டிக்குக் கையேடு 15டபிள்யூ-40 சொல்லியிருந்தால் அதுவே. பெட்ரோல் காருக்கு டீசல் ஆயிலை “ஸ்ட்ராங்கா இருக்கும்” என்று ஊற்றுவதில் அர்த்தமில்லை.

ஜப்பானிய வழி வந்த பழைய கார்களின் கையேடுகள் பலவற்றில் ஆயில் பக்கத்தில் ஒரு பட்டைப் படம் இருக்கும்: கீழே வெளி வெப்பநிலை, மேலே அதற்கேற்ற தரங்கள். வடிவமைத்தவர்கள் குளிரையும் வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அங்கே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் காரின் கையேடு தொலைந்திருந்தால், அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு அந்த ஒரு பக்கத்தை நகலெடுத்து, டாஷ்போர்டுப் பெட்டியில் ஆர்சி நகலோடு வையுங்கள். அடுத்த முறை ஆயில் மாற்றப் போகும்போது, அலமாரியிலிருந்து டப்பா இறங்குவதற்கு முன்னால் அதை எடுத்து மெக்கானிக் அண்ணனிடம் காட்டுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போதே கேஜ் மாட்டி ஒருமுறை அழுத்தம் பார்த்துவிடச் சொல்லுங்கள்.